டிக்கியில் கிடக்கும் பஞ்சர் கிட்: எது உதவும், எது வெறும் எண்ணிக்கை

டியூப்லெஸ் பஞ்சர் கிட் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது எண்ணிக்கைதான். ஐம்பது உருப்படி, அறுபது உருப்படி என்று போட்டிருக்கும். திறந்து பார்த்தால் அதில் முப்பது நாற்பது வெறும் ஸ்ட்ரிப், அதாவது ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர்த் திரி. மிச்சத்தில் பாதி வால்வு மூடியும், வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் வால்வு ஊசியும். ஒரு பஞ்சருக்கு ஒரு ஸ்ட்ரிப் போதும், ஓட்டை பெரிதென்றால் இரண்டு. லீவு நாளில், டயர் கடை எதுவும் திறந்திராத நேரத்தில், சாலையோரம் டயர் இறங்கி நிற்கும்போது நாற்பது ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது கைகொடுப்பவை மூன்றே பொருள்: காற்றடிக்கும் கருவி, ஓட்டையை அராவி வழி உண்டாக்கும் ரீமர் (கைப்பிடி உடையாதது), ஆணியைப் பிடுங்க ஒரு குறடு. இதில் குறடு பெரும்பாலான பெட்டிகளில் இருப்பதே இல்லை. காற்றடிக்கும் கருவியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கீழே வருவது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெட்டியைப் பற்றியதல்ல. வெவ்வேறு பெயர்களில் விற்கும் கிட்டுகளைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெட்டியின் நிறம் மாறுமே தவிர உள்ளே இருக்கும் சாமான் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பாகம் பாகமாகப் பார்ப்பதே பயன்.

காற்றுக் கருவி

பஞ்சர் கிட் என்றாலே ஓட்டையை அடைப்பதுதான் வேலை என்று நினைக்கிறோம். ஆனால் ஆணியோ ஸ்க்ரூவோ பட்டனில் (டயர் சாலையைத் தொடும் பரப்பில்) குத்தி அங்கேயே நின்றிருந்தால், அதுவே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். அந்த நிலையில் ஆணியைத் தொடாமல் காற்றை நிரப்பி, பத்து நிமிடம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, டயர் கடை வரை ஓட்டிப் போவதுதான் நல்லது. பத்து நிமிடத்தில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கினால் வழியில் ஒருமுறை நிறுத்தி மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். ஐந்தாறு இறங்கினால் மட்டும் ஸ்ட்ரிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். எனவே கிட்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் நல்ல பணம் செலவழிக்க முடியும் என்றால், அது கம்ப்ரஸராக இருக்கட்டும்.

12 வோல்ட் கம்ப்ரஸர்களில் பெட்டி மேல் போட்டிருக்கும் '150 பிஎஸ்ஐ' என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கார் டயருக்குத் தேவை 30 முதல் 36 வரை. அளவு குறைந்த தற்காலிக ஸ்டெப்னிக்குத்தான் 60 பிஎஸ்ஐ வேண்டும். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை. கணக்கு எளிது: 195/65 ஆர் 15 அளவு டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம். 35 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 2.4 பார். அதாவது வெளிக்காற்றில் 70 லிட்டருக்கு மேல் உள்ளே தள்ளியாக வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று எழுதிய கருவி இரண்டே நிமிடத்தில் முடித்துவிடாது. எழுதியிருப்பது எதிரழுத்தம் இல்லாத நிலையில் வரும் அளவு. டயரில் அழுத்தம் ஏற ஏறத் தள்ளும் அளவு குறைந்துகொண்டே வரும். முழுக்க இறங்கிய டயரை நிரப்ப அதற்கு நான்கைந்து நிமிடம் ஆகலாம். லிட்டர் கணக்கையே போடாமல் பிஎஸ்ஐ மட்டும் போட்டு விற்கும் சின்னக் கருவிகளுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், இந்தக் கருவிகள் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்தவை அல்ல. பத்து அல்லது பதினைந்து நிமிடம் ஓட்டினால் அதே அளவு ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். மெதுவான கருவி டயர் நிரம்பும் முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடும். சிலிண்டர் தலையும் குழாய் மாட்டியிருக்கும் பித்தளைத் துண்டும் கையைச் சுடும் அளவுக்குக் காயும். பிஸ்டன் வளையம் அந்தச் சூட்டில்தான் தேய்கிறது. 'ஆறு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் சத்தம் மட்டும் வருகிறது, காற்று வரவில்லை' என்று வாங்கியவர்கள் எழுதும் குறையில் பாதிக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். கருவியின் மேல் 120 வாட் என்றிருந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்ப் இழுக்கும். 180 வாட் என்றால் 15 ஆம்ப். வண்டியின் சாக்கெட்டுக்கு எத்தனை ஆம்ப் ஃப்யூஸ் என்பது ஃப்யூஸ் பெட்டி மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். 10 ஆம்ப் ஃப்யூஸ் போட்ட சாக்கெட்டில் 15 ஆம்ப் கருவியைச் செருகினால் டயரோடு சாக்கெட்டும் போகும். வேகமான கருவி வேண்டுமென்றால் பேட்டரி முனைகளில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ளதாக வாங்க வேண்டும். சாக்கெட்டில் செருகும் வகைக்கு ஒயரும் குழாயும் சேர்ந்து பின் சக்கரத்தை எட்டுகிறதா என்று வாங்கிய அன்றே மாட்டிப் பார்த்துவிடுங்கள். டாஷ்போர்டிலிருந்து பின் சக்கரம் வரை வர மூன்று மீட்டருக்குக் குறைந்தால் இழுபறிதான். கருவியை ஓட்டும்போது வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் கூடாது.

காற்று முனை இரண்டு வகை. வால்வில் திருகிப் பொருத்துவது நழுவாது, ஆனால் கழற்றும்போது நாலைந்து சுற்றுச் சுற்றுவதற்குள் காற்று புஸ்ஸென்று போகும். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழப்பு சாதாரணம். நெம்புகோல் வைத்துக் கவ்வும் வகையை ஒரே தட்டில் எடுத்துவிடலாம், ஆனால் மலிவானவற்றில் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் சீக்கிரம் தளரும். என் தேர்வு திருகும் வகை. தேவைக்கு மேல் இரண்டு பிஎஸ்ஐ சேர்த்து நிரப்பிவிட்டுக் கழற்றினால் கணக்கு சரியாகிவிடும்.

கருவியிலுள்ள முள் காட்டும் எண்ணை ஓடும்போது நம்பக் கூடாது. அது குழாயிலுள்ள அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். நிறுத்தி, முள் கீழே வந்து நின்ற பிறகு படிக்க வேண்டும். டிஜிட்டல் வகையில் எண்ணை முன்கூட்டியே வைத்துவிட்டால் தானே நிற்பது உண்மையிலேயே பயனுள்ள வசதி. ஆள் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் அளவு தவறலாம் என்பதால் பென்சில் கேஜோ டயல் கேஜோ ஒன்று தனியாக வைத்திருப்பது நல்லது.

பேட்டரியில் ஓடும் கையடக்க இன்ஃப்ளேட்டர்களை இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்ள இதைவிட வசதியானது இல்லை. ஆனால் அவசரத்துக்கு இதை மட்டும் நம்புவதில் சிக்கல் இருக்கிறது. சின்ன வகைகளில் முழுச் சார்ஜில் ஒன்றிரண்டு கார் டயர்தான் நிரம்பும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தொடும்போது லித்தியம் செல்லுக்கு ஆயுள் குறையும். மாதக்கணக்கில் டிக்கியில் கிடந்து, தேவைப்படும் நாளில் எடுத்தால் சார்ஜ் இருக்காது. வண்டியின் சாக்கெட்டிலும் செருகி ஓட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இந்தக் குறை தீரும். காலால் மிதிக்கும் பம்ப் எதற்கும் சளைத்ததல்ல, ஃப்யூஸும் வேண்டாம் சார்ஜும் வேண்டாம். ஆனால் முழுக்க இறங்கிய கார் டயருக்கு நூற்றுக்கணக்கான மிதி ஆகலாம் என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

ரீமரும் ஊசியும்

ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் இரண்டு அடுக்கு எஃகுக் கம்பிப் பட்டை இருக்கிறது. ஆணி அதைத் துளைத்துத்தான் உள்ளே போயிருக்கும். ரீமர் அந்தக் கம்பிகளை அராவி வழி உண்டாக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மலிவு கிட்டுகள் பல்லைக் காட்டுகின்றன. பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் எஃகுத் தண்டைச் செருகி மட்டும் வைத்திருப்பார்கள். கம்பியில் ரீமர் இறுகும்போது கைப்பிடி சுற்றும், தண்டு சுற்றாது. இன்னும் அழுத்தினால் கைப்பிடி விரியும். பாதித் தண்டு டயரில் சிக்கி, ஆணி குத்திய ஓட்டையைவிடப் பெரிய ஓட்டையோடு நிற்க வேண்டிவரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: முழு உலோகத்தில் 'டி' வடிவக் கைப்பிடி, தண்டு அதில் வெல்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் ஆலன் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்க வேண்டும். ஆலன் வகையில் தண்டு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு அதுவே பிடித்தம், ஆனால் அந்த ஸ்க்ரூவை அவ்வப்போது இறுக்க வேண்டும். கைப்பிடி அகலம் உள்ளங்கை முழுதும் படிகிற அளவு வேண்டும். ஆள் தன் உடல் எடையையே அதன் மேல் போட்டுத் தள்ளப் போகிறார். மெல்லிய குழாய்க் கைப்பிடி உள்ளங்கையில் வெட்டும். துப்பாக்கிப் பிடி போன்ற வடிவத்திலும் வருகிறது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு கையாலும் நேராக அழுத்த 'டி' வடிவம்தான் வசதி.

ஸ்ட்ரிப்பைக் கோத்து டயருக்குள் தள்ளும் ஊசியில் கவனிக்க வேண்டியது கண்ணின் விளிம்பு. நுனியில் பிளவுள்ள கண் இருக்கும். வெளியே இழுக்கும்போது ஸ்ட்ரிப் அந்தப் பிளவு வழியாக நழுவி டயருக்குள் தங்கிவிட வேண்டும். பிளவின் ஓரம் பிசிறாக இருந்தால் ஸ்ட்ரிப்பைப் பிடித்துக்கொண்டு ஊசியோடு வெளியே வந்துவிடும். வாங்கிய உடன் விரலால் தடவிப் பாருங்கள், பிசிறு தட்டுப்பட்டால் நல்ல உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை, பாதித் தோல்வியைத் தவிர்க்கும்.

ஸ்ட்ரிப்பும் சொல்யூஷனும்

பழுப்பு நிறத்தில், சுமார் 10 செ.மீ. நீளத்தில், ரப்பர் ஊறிய நூல்திரிதான் ஸ்ட்ரிப். தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். உறையைப் பிரித்ததும் காய்ந்து, மடக்கினால் வெடிப்பு விட்டால் அது உதவாது. அட்டையில் ஒட்டிக் காகிதம் போர்த்தி வருவதைவிட, ஐந்தைந்தாகத் தகட்டு உறையில் அடைத்து வருவது நாள்பட இருக்கும். கனமும் ஒரே அளவில்லை. மெலிந்தவை பைக்குக்கும், தடித்தவை கார், ஜீப்புக்கும். ஒரே பெட்டியில் நாற்பது மெலிந்த ஸ்ட்ரிப்பைக் கொடுப்பதைவிட இரண்டு கனத்திலும் ஐந்தைந்து கொடுத்தால் புண்ணியம். அப்படி வரும் பெட்டி அபூர்வம்.

சொல்யூஷன் ட்யூப்பின் வேலை இரண்டு: ஸ்ட்ரிப் உள்ளே வழுக்கிப் போக உதவுவது, போன பின் ரப்பரோடு ரப்பரைப் பிடிக்க வைப்பது. ஒருமுறை திறந்த ட்யூப் அடுத்த தேவைக்குள் காய்ந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத ட்யூப்பும் டிக்கிச் சூட்டில் மெல்ல மெல்ல இறுகும். அமுக்கினால் நெளிய வேண்டும், கட்டியாக நின்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். சில ஸ்ட்ரிப்புகள் சொல்யூஷன் தேவையில்லாமலே செய்யப்பட்டவை. உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. சொல்யூஷனில் இருக்கும் கரைப்பான் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பொருள்களில் வால்வு ஊசி கழற்றும் சின்னக் கருவியும் இரண்டு உபரி வால்வு ஊசியும் உண்மையில் தேவை. டயர் மெல்ல இறங்கி, பட்டனில் ஆணியே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெட்டியில் வரும் பிளேடு பாதி நேரம் ஸ்ட்ரிப்பை அறுக்காது, நசுக்கும். பெட்டியில் இல்லாததைச் சேர்க்க வேண்டும்: மூக்கு நீண்ட குறடு ஒன்று, பக்கவெட்டுக் குறடு ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர், சாக்பீஸ், தோல் அல்லது தடித்த துணிக் கையுறை, தலையில் மாட்டும் டார்ச், மண்டியிட ஒரு பழைய சாக்கு. குறடு இல்லாமல் டயரில் தலைவரை இறங்கிய ஆணியை எடுக்கவே முடியாது என்பது கிட் செய்பவர்களுக்குத் தெரியாததல்ல.

சாலையோரத்தில் செய்யும் முறை

இறங்கிய டயர் வண்டிகள் பாயும் பக்கத்தில் இருந்தால் அங்கே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. காற்றை நிரப்பி, நடை வேகத்தில் ஊர்ந்து, அகலமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வேகச் சாலையிலும் வளைவிலும் இன்னும் தூரத்தில். டிக்கிக்கு இரண்டடி தள்ளி வைப்பதும் வைக்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

முதலில் வால்வில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். குமிழ் வந்தால் வால்வு ஊசியை இறுக்கினாலே சரியாகிவிடலாம். வால்வு சரியென்றால் பட்டனைச் சுற்றித் தேடி, ஆணி இருக்கும் இடத்தை சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாலே பட்டன் வெளியே வந்துவிடும். ஜாக்கி போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பின் சக்கரம் என்றால் வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே உருட்டி, ஆணி கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கச் செய்ய வேண்டும். அப்படியும் எட்டாவிட்டால் ஜாக்கி வைத்து, வீல் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்துத் தரையில் கிடத்திச் செய்வது. ஜாக்கியில் நிற்கும் வண்டியின் சக்கரத்தில் உடம்பு எடை போட்டு அழுத்தக் கூடாது, வண்டி நழுவும்.

டயர் முழுக்க இறங்கியிருந்தால் ஆணியைப் பிடுங்கும் முன் காற்றடிக்க வேண்டும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். காற்றில்லாத டயர் ரீமரை அழுத்தும்போது உள்வாங்கிக்கொண்டே போகும்; எதிர்த்து நிற்காது. இருபது முப்பது பிஎஸ்ஐ இருந்தால் ரீமர் பாதி உழைப்பில் இறங்கும்.

அடுத்தது, ஆணியைப் பிடுங்கும் முன்பே எல்லாவற்றையும் தயார் செய்து கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. ஸ்ட்ரிப்பை ஊசிக் கண்ணில் கோத்து இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட வேண்டும். கண்ணில் நுழைய மறுத்தால் நுனியைக் குறடால் தட்டையாக நசுக்கிக் கொள்ளலாம். சொல்யூஷனை ஸ்ட்ரிப் முழுதும் தாராளமாகப் பூசிவிட்டு, ஆணியைக் குறடால் பிடித்து இழுக்க வேண்டும். ஸ்க்ரூ என்றால் இழுக்காமல் ஸ்க்ரூடிரைவரால் சுற்றிக் கழற்றுங்கள். அது எந்தச் சாய்வில் வெளியே வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ரீமர் அதே சாய்வில்தான் போக வேண்டும். சாய்ந்து குத்திய ஓட்டையில் நேராக ரீமரை இறக்கினால் பக்கத்தில் இரண்டாவது ஓட்டை விழும். ஸ்ட்ரிப் அதில் போய் உட்கார, முதல் ஓட்டை காற்றைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். போட்டும் நிற்கவில்லை என்று கிட்டைத் திட்டுபவர்கள் இதையும் யோசிக்கலாம்.

ரீமரை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமாகவே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சுருள் பற்கள் கம்பிகளைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடும். ஏழெட்டு முறை உள்ளே வெளியே போய்வந்து, உரசல் குறைந்து இலகுவாக நகர வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அடுத்த கட்டத்தில் ஊசி வளையும். வெட்டுப்பட்ட கம்பி முனைகள் கூர்மையாகவே நின்று ஸ்ட்ரிப்பையும் நாளடைவில் அறுக்கும்.

பிறகு ஊசியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தி, ஸ்ட்ரிப்பின் இரு வாலும் ஒரு செ.மீ. அல்லது அதற்குச் சற்று அதிகமாக வெளியே தெரியும்வரை இறக்குங்கள். ஊசியைச் சுற்றாமல், ஒரே வெட்டில், நேராக வெளியே இழுக்க வேண்டும். மெல்ல மெல்ல இழுத்தால் ஸ்ட்ரிப் கூடவே வந்துவிடும். வெளியே நீட்டியிருப்பதைப் பட்டனின் மட்டத்திலிருந்து சுமார் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டக் கூடாது. வண்டி ஓடும்போது மிச்சம் அழுந்தி உட்கார இடம் வேண்டும். காற்றை முழு அளவுக்கு நிரப்பி, சோப்புத் தண்ணீர் அடித்து ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சாகியிருப்பது அதிகபட்ச அளவு, அதை வைத்து நிரப்பக் கூடாது.

குமிழ் நிற்காவிட்டால் அதே ஓட்டையில் இரண்டாவது ஸ்ட்ரிப். அதற்கும் நிற்காவிட்டால் ஓட்டை இந்தக் கிட்டின் எல்லையைத் தாண்டியது என்று பொருள். மூன்றாவதைத் திணித்துப் பயனில்லை. ஸ்ட்ரிப் மொத்தமும் உள்ளே போய்விட்டால் பதற வேண்டாம், அது டயருக்குள் கிடக்கட்டும். புதிதாக ஒன்றைக் கோத்துப் போடுங்கள். அடைத்த பின்னும் டயர் இறங்கினால் இரண்டாவது ஆணி ஒன்று எங்காவது இருக்கும். ஒரே இடத்தில் சிதறிக் கிடந்த ஆணிகளில் ஒன்று மட்டும் குத்தும் என்று என்ன உத்தரவாதம்?

எங்கே போடக் கூடாது

பக்கச்சுவரிலும் பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் தோள் பகுதியிலும் ஸ்ட்ரிப் போடக் கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்வது. எஃகுப் பட்டையும் அங்கே கிடையாது. ஸ்ட்ரிப் பிடித்து நிற்காது, நின்றாலும் நம்ப முடியாது. அமெரிக்க டயர் உற்பத்தியாளர்கள் சங்கத்தின் வரையறைப்படி, பட்டன் பகுதியில் 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டையை மட்டுமே பழுது பார்க்கலாம். அதையும் டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சோதித்து, துளையை நிரப்பும் தண்டும் உள்ளே ஒட்டும் பட்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். வெளியிலிருந்து செருகும் ஸ்ட்ரிப் மட்டும் போட்டால் அதைப் பழுது பார்த்ததாகவே அவர்கள் ஏற்பதில்லை. காரணம் இருக்கிறது: உள் ரப்பர் படலத்தில் கிழிசல் அப்படியே இருக்கும். அதன் வழியே ஈரம் எஃகுப் பட்டைக்குப் போனால் துருப்பிடித்து, அடுக்கு பிரியலாம். எனவே ஸ்ட்ரிப்போடு நிதான வேகத்தில், 80 கி.மீ.க்கு மேல் போகாமல், கடை வரை போய், தண்டும் பட்டையும் சேர்ந்த காளான் வடிவ ஒட்டுப் போட்டுக்கொள்வதே முறை. ஸ்ட்ரிப்போடு வருடக்கணக்கில் ஓடும் டயர்கள் உண்டு என்பார்கள். உண்டு. அதை வைத்துக் கிட்டுக்கு மதிப்பெண் கூட்ட மாட்டேன்.

காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடிவிட்ட டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கச்சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே நசுங்கி உட்புறத்தில் அரைபட்டிருக்கும். வெளியே சுற்றிலும் ஒரு வளையத் தடம் தெரியலாம். உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடக்கும். அந்த டயருக்கு ஆணி ஓட்டை ஒரு பொருட்டே இல்லை, அதன் கதை முடிந்தது. காற்றடிக்கும்போது பக்கச்சுவரில் வீக்கம் தெரிந்தாலோ படபடவென்று சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்தி விலகிவிட வேண்டும். எந்த டயருக்குக் காற்றடித்தாலும் பக்கச்சுவருக்கு நேர் எதிரே உட்காராமல், பட்டன் பக்கம் தள்ளி உட்காருவது நல்ல பழக்கம். டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிட்டாலும் சின்னக் கம்ப்ரஸரால் ஆகாது. அதை மறுபடி உட்கார வைக்கத் திடீரென்று பெருங்காற்று வேண்டும்.

சீலன்ட் பாட்டில்

ஸ்டெப்னி இல்லாமல் வரும் பல புதிய கார்களில் கம்ப்ரஸரோடு ஒரு பாட்டில் சீலன்ட் வருகிறது. பெரும்பாலும் ரப்பர்ப் பாலும் கிளைக்காலும் கலந்த திரவம். வால்வு வழியே ஏற்றி, உடனே சில கிலோமீட்டர் ஓட்டினால் திரவம் உள்ளே சுழன்று ஓட்டையில் போய் உறையும். மண்டியிட வேண்டாம், ஆணியைப் பிடுங்க வேண்டாம், ஆணியை உள்ளேயே விட்டுவிடவும் சொல்கிறார்கள். ரீமரை அழுத்தக் கையில் வலுவில்லாதவர்களுக்கும், இருட்டில் மழையில் நிற்பவர்களுக்கும் இதுதான் சரி.

குறைகள்: ஒரு பாட்டில் ஒரு டயருக்குத்தான். பாட்டிலில் காலாவதித் தேதி உண்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கச்சுவர் கிழிசலுக்கு இதுவும் உதவாது. டயருக்குள் அழுத்தம் அளக்கும் சென்சார் இருந்தால் அதன் துளையில் அடைத்துக்கொள்ளலாம். ஒலி குறைக்க உள்ளே ஃபோம் ஒட்டிய டயரில் திரவத்தை ஃபோமே குடித்துவிடும் அபாயம் உண்டு. சத்தமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று: கடையில் டயரைக் கொடுக்கும்போது உள்ளே சீலன்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால், வால்வு ஊசியைக் கழற்றுபவரின் முகத்தில் அடிக்கும். கழுவிச் சுத்தம் செய்யக் கூடுதல் நேரமும் ஆகும்.

பைக்குக்கு

ஸ்போக் வீலில் ட்யூப் போட்ட டயர் என்றால் இந்தக் கிட் முழுதுமே வேண்டாத சுமை. ட்யூப்பில் ஸ்ட்ரிப் நிற்காது. உபரி ட்யூப்பும் டயர் நெம்பியும்தான் வேண்டும். டியூப்லெஸ் பைக்குக்குப் பெரிய கைப்பிடிகள் சீட்டுக்கடியில் நுழையாது என்பதால் கைப்பிடியைக் கழற்றி மாட்டும் சின்ன கிட்டுகள் விற்கின்றன. கழற்றி மாட்டும் மரையில் ஆட்டம் இல்லாததாகப் பார்த்து எடுக்கலாம். காற்றுக்கு 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் கொடுப்பார்கள். ஒரு குப்பியில் சுமார் 8 முதல் 9 லிட்டர் வாயுதான் வரும், பெரிய பைக்கின் பின் டயருக்கு ஒன்று போதவே போதாது. திறக்கும்போது குப்பி உறைகுளிர் ஆகி விரலில் ஒட்டிக்கொள்ளும், கையுறை இல்லாமல் பிடிக்காதீர்கள். அந்த வாயு ரப்பர் வழியே சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும் என்பதால் அன்றே வெளியேற்றிவிட்டு நல்ல காற்று நிரப்ப வேண்டும். பைக் பேட்டரியில் மாட்டும் சின்னக் கம்ப்ரஸருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டு சக்கரத்தில் ஒன்று சட்டென்று இறங்கினால் ஆள் விழுவார் என்பதால், ஸ்ட்ரிப் போட்ட பின் வேகத்தைக் காரைவிட இன்னும் குறைத்துக்கொள்வது அவசியம்.

வாங்கிய பிறகு

கிட்டைச் சாலையோரத்தில் முதன்முதலாகப் பிரிக்கக் கூடாது. டயர் மாற்றும்போது கழற்றிப் போட்ட பழைய டயரைக் கடையில் கேட்டு வாங்கி, அதில் ஓர் ஆணியை அடித்து, பிடுங்கி, ரீமர் விட்டு, ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள். எஃகுப் பட்டையை ரீமர் கடக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் எழுதிப் புரியவைக்க முடியாதது. கிட்டின் கைப்பிடி தாங்குமா தாங்காதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தாங்காவிட்டால் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கும். நாற்பது ஸ்ட்ரிப்பில் நாலைந்து இப்படிச் செலவாவதுதான் அந்த எண்ணிக்கைக்கு ஒரே நல்ல பயன்.

கம்ப்ரஸரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டெப்னிக்குக் காற்றடிக்கும் சாக்கில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்றில்லாமல் கிடப்பதும் அப்போது தெரியவரும். ஸ்ட்ரிப் உறையையும் சொல்யூஷன் ட்யூப்பையும் ஒரு ஜிப் பையில் போட்டு, டிக்கிக்குப் பதில் முன்சீட்டுக்கு அடியில் நிழலில் வைத்தால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். வருடத்துக்கு ஒருமுறை ட்யூப்பை மட்டும் புதிதாக வாங்கி மாற்றுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் சாதாரண சொல்யூஷன் ட்யூப்பே போதும்.